ஊனச் சதவீதமும் உதவித்தொகையும்: கேள்வி பதில்

கே: அக்கா, எனக்கு போலியோ கால். மெடிக்கல் போர்டில் ஊனம் 35 சதவீதம்தான் என்று போட்டார்கள். பென்ஷன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். வழி உண்டா?

ப: உண்டு தம்பி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59. சான்று தந்தவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். தாலுகா ஆபீஸில் மல்லுக்கட்டிப் பயனில்லை, சிக்கல் சதவீதத்தில் இருக்கிறது; பென்ஷனுக்கு 40 வேண்டும். எனக்கும் போலியோ கால்தான். முதல் தடவை டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை, காலில் மாட்டும் தாங்கு கருவியான காலிப்பரைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. 38 என்று எழுதிவிட்டார். மேல்முறையீட்டில் படுக்க வைத்து, "தூக்கும்மா, அமுக்கும்மா" என்று ஒவ்வொரு தசையாகப் பார்த்தார்கள். 55 வந்தது. எக்ஸ்ரே, பழைய ஆபரேஷன் சீட்டு எல்லாம் கொண்டுபோங்கள். மனு நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கே: கண்ணுக்கு 30, காலுக்கு 30. மொத்தம் 60 தானே?

ப: நேராகக் கூட்ட மாட்டார்கள். 90இல் பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். உங்களுக்கு 50.

கே: 80 இல்லாமல் பென்ஷனே கிடையாதாமே?

ப: அது இந்திரா காந்தி பெயரிலுள்ள மத்தியத் திட்டம். தமிழக அரசுத் திட்டத்துக்கு 40 போதும்.

கே: தப்பாகச் சொல்லாதீர்கள். எங்கள் தாலுகா ஆபீஸிலேயே 80 என்றார்கள்.

ப: சொல்லியிருப்பார்கள். அதை எழுத்தில் கேட்டீர்களா? வாயால் சொன்ன மறுப்பை நம்பி எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ், 80க்கு மேல் என்பது மத்திய விதி. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். அந்த விதியைக் காட்டி 45 சதவீதக்காரரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மறுக்கிறார்களா, காரணத்தோடு எழுதித் தரட்டும்.

கே: எங்க அண்ணனுக்கு 45தான், மூணு வருஷமா வாங்குறார். அக்கா சொல்றது சரி.

ப: நன்றி. 80 என்று சொன்னவர் இதைப் படிக்கட்டும்.

கே: மனவளர்ச்சி குன்றிய மகனுக்கு 18 ஆகிறது. கையெழுத்து யார் போடுவது?

ப: சட்டப்படியான பாதுகாவலராக நீங்கள் நியமனம் வாங்க வேண்டும். 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு.

கே: எனக்கும் 35 போட்டுட்டாங்க...

ப: முதல் பதில்.

கே: மனு கொடுத்து ஆறு மாசம். தகவலே இல்லை.

ப: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனு கொடுத்த சீட்டு இருக்கிறதா?

கே: வாங்கலை அக்கா.

ப: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் புதிதாகக் கொடுங்கள். பதிவு எண் கையில் வந்த பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.