டார்சி எதிர்வீட்டுக்குக் குடிவந்தால்: கேள்வி பதில்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலை இபி ஜோபோய் 2018-இல் ‘பிரைட்’ என்ற இளையோர் நாவலாக மாற்றி எழுதினார். மூலத்தின் நாயகி எலிசபெத் பென்னட், நாயகன் பணக்கார டார்சி; புதிய கதையில் எலிசபெத்தின் இடத்தில் ஜூரி பெனிடெஸ். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கதை எங்கே நடக்கிறது?
பதில்: நியூயார்க்கில், புரூக்ளினின் புஷ்விக் பகுதியில். ஹைத்தியில் பிறந்த ஜோபோய் வளர்ந்த இடம் அது.

கேள்வி: மூலத்தை முதலில் படிக்க வேண்டுமா?
பதில்: அவசியமில்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு மூலத்தைப் படித்ததாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: இன்றைய பெண்ணுக்குக் கல்யாணக் கவலை ஏது? இந்தக் கதை இப்போது எப்படி நிற்கும்?
பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். மூலத்தில் பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள். அவர்கள் இருக்கும் லாங்போர்ன் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும். அப்பா கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவினர் காலின்ஸுக்கு. அம்மா கல்யாணம் கல்யாணம் என்று பறப்பது அதனால்தான். மாற்றி எழுதுகிறவர்கள் பலர் நடன விருந்தைப் பள்ளி விழாவாக்கிவிட்டு இந்தப் பயத்தை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு பேர் முறைத்துக்கொள்வதுதான் மிஞ்சும். ஜோபோய் அதை விடவில்லை. ஜூரி பெனிடெஸ் வீட்டிலும் ஐந்து பெண்கள், இருப்பது வாடகைக்கு. எதிரே பாழடைந்து கிடந்த வீட்டை மாளிகையாக்கி டார்சி குடும்பம் குடிவருகிறது. பணக்காரர்கள் வந்தால் வாடகை ஏறும், பழைய ஆட்கள் மூட்டை கட்ட வேண்டும். ஜூரியின் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். டார்சிகளும் கறுப்பினத்தவர்கள் என்பதால் நிறத்தைக் காட்டி ஒதுங்க முடியாது. பணம்தான் நடுவில் நிற்கிறது.

கேள்வி: ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ இதே கதைதானே?
பதில்: இல்லை. அது ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’.

கேள்வி: ஜூரிக்கு வாய் நீளம். எலிசபெத் எவ்வளவு நாகரிகமானவள்!
இன்னொருவர்: நாகரிகமா? மூலத்தில், ஹன்ஸ்போர்ட் என்ற ஊரில் டார்சி பெண் கேட்டபோது அவள் பேசியதைப் படித்தீர்களா?
முதலாமவர்: அவன் அவள் குடும்பத்தை இழிவாகப் பேசினான், பதில் சொன்னாள்.
பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். உலகத்தில் கடைசி ஆணாக இருந்தாலும் உன்னைக் கட்டமாட்டேன் என்ற பொருளில்தான் எலிசபெத் பேசுகிறாள். டார்சியைப் பற்றி விக்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி சொன்ன கதையை விசாரிக்காமல் நம்பி, அதையும் அவன் முகத்துக்கு நேரே வீசுகிறாள். மறுநாள் அவன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தன் மீதே வெட்கப்படுகிறாள். ஜூரிக்கும் அதே அவசரம். தன் பேட்டை மீதுள்ள பெருமிதத்தில் எதிராளியை எடைபோட்டு முடித்துவிடுகிறாள். வாய் நீளம் இருவருக்கும் பொதுச்சொத்து.
முதலாமவர்: இருந்தாலும் டார்சி குளத்தில் குதித்து நனைந்து வரும் அந்த இடம்...
பதில்: அது 1995-இல் வந்த பிபிசி தொடர்! நாவலில் டார்சி நனைவதே இல்லை. தன் மாளிகையான பெம்பர்லியில் குதிரை லாயப் பக்கமாகச் சும்மா நடந்து வருகிறார். இதற்குத்தான் மேலே சொன்னேன்.

கேள்வி: மூலத்தை முதலில் படிக்கணுமா சார்?
பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: கடைசியில் ஜூரியின் வீடு என்னாகும்?
பதில்: சொல்ல மாட்டேன். நாவலை வாங்கிப் படியுங்கள்.