பர்பன் ருசியில் தானியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி எல்லாவற்றிலும் சட்டப்படி பாதிக்கு மேல் மக்காச்சோளம். எல்லாமே உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் கிடக்கிறது. அப்படியிருக்க, ரை என்ற தானியம் சேர்த்தால் காரம், கோதுமை சேர்த்தால் மென்மை என்பதெல்லாம் விற்பனைப் பேச்சுதானே? ருசி முழுக்கப் பீப்பாய் தருவது என்கிறார் என் நண்பர்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதில் பாதி சரி. நிறம் மொத்தமும், வனிலா, கேரமல் வாசத்தில் பெரும்பங்கும் பீப்பாயுடையவை. ஆனால் பீப்பாயில் ஊற்றும்போதே சாராயம் ஒன்றுபோல இருப்பதில்லை. பர்பனை 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கச் சட்டம் விடாது. மேலே போகப்போக தானிய வாசம் கழன்று வோட்காவின் பக்கம் சாய்ந்துவிடும்.

குழப்பம் ஒப்பிடும் முறையில் இருக்கிறது. பலரும் மேக்கர்ஸ் மார்க், புல்லட் என்ற இரண்டு பர்பன்களைப் பக்கத்தில் வைப்பார்கள். முன்னதில் 70 சதவீதம் மக்காச்சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. பின்னதில் 68 மக்காச்சோளம், 28 ரை, 4 பார்லி. சோளம் கிட்டத்தட்ட சமம், ருசியோ எங்கெங்கோ. ஆனால் வடிசாலை வேறு, ஈஸ்ட் வேறு. மேக்கர்ஸ் மார்க் பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 55 சதவீதம்தான், சட்டம் 62.5 வரை விடுகிறது. வித்தியாசம் முழுவதையும் தானியத்தின் கணக்கில் எப்படி எழுதுவது?

அதனால் நான் ஃபோர் ரோசஸைத்தான் காட்டுவேன். கென்டக்கியில் லாரன்ஸ்பர்க் ஊரில் இருக்கும் இந்த வடிசாலையில் தானியக் கலவை 2, ஈஸ்ட் 5, ஆக 10 வகைச் சரக்கு. ‘ஈ’ கலவையில் ரை 20 சதவீதம், ‘பி’யில் 35. பார்லி இரண்டிலும் 5. ஒரே ஈஸ்டில் செய்த இரண்டையும் முகர்ந்தால் ‘பி’யில் கிராம்பும் மிளகும் முன்னால் வரும். ரையில் ஃபெரூலிக் அமிலம் உண்டு. சில ஈஸ்டுகள் அதைக் கிராம்பு மணமுள்ள பொருளாக மாற்றிவிடும். எல்லா ஈஸ்டும் மாற்றாது. இங்கேதான் தானியம் என்பவரும் பீப்பாய் என்பவரும் சறுக்குகிறார்கள். தானியம் மூலப்பொருளைக் கொடுக்கிறது, அதிலிருந்து மணத்தை வெளியே எடுப்பது ஈஸ்ட். ‘கே’ என்ற ஈஸ்ட் தனியாகவே லேசான காரம் தருவதென்று அந்த நிறுவனமே சொல்கிறது. ரை சதவீதத்தை மட்டும் பார்த்துக் காரத்தைக் கணித்தால் ஏமாறலாம். ‘ஹை ரை’ என்று லேபிளில் போடச் சட்டத்தில் அளவும் கிடையாது.

கோதுமை மென்மை தருகிறது என்பதைவிட, ரை இல்லாததால் சோளமும் ஓக்கும் தடையின்றித் தெரிகின்றன என்பேன். இனிப்பாகத் தோன்றுவது சர்க்கரையல்ல. சர்க்கரை ஆவியோடு ஏறி வராது. மேக்கர்ஸ் மார்க்கைத் தொடங்கிய பில் சாமுவேல்ஸ், பல வருடம் காத்திருக்க முடியாமல் ஒவ்வொரு கலவையிலும் ரொட்டி சுட்டுப் பார்த்துக் கோதுமையைத் தேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதைதான், ரொட்டியை யாரும் வடித்துப் பீப்பாயில் வைப்பதில்லை என்றாலும். பார்லியின் வேலை பெரும்பாலும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது.

நண்பரோடு சோதிக்க வேண்டுமானால், ஒரே வயதுள்ள இரண்டு ஃபோர் ரோசஸ் ஒற்றைப் பீப்பாய்ப் புட்டிகளை (ஒவ்வொன்றும் ஒரே ஒரு பீப்பாயிலிருந்து நிரப்பியது) தேடுங்கள். லேபிளில் நான்கெழுத்துக் குறியீடு போட்டதாகப் பாருங்கள்: இரண்டாம் எழுத்து தானியம், நான்காவது ஈஸ்ட். ஓஈஎஸ்வி ஒன்று, ஓபிஎஸ்வி ஒன்று. இரண்டையும் தண்ணீர் விட்டு ஒரே வீரியத்துக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் அவர் கையில் கொடுங்கள்.