ஐலாஷ் பெட்டியில் ‘மேட் இன் சைனா’: முடிச்சுப் போட்டது எங்கே?

கேள்வி: சீனாவின் ஷான்டோங் மாகாணத்திலிருந்து ஐலாஷ் (செயற்கை இமைமுடி) வரவழைத்து பியூட்டி பார்லர்களுக்குக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் அத்தை மகனுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டால், “அதெல்லாம் வட கொரியாவில் செய்வது, மாட்டிக்கொள்வோம்” என்கிறார். பெட்டியில் ‘மேட் இன் சைனா’ என்றுதான் இருக்கிறது. தடை விதிக்கப்பட்ட நாட்டிலிருந்து சரக்கு எப்படி வரும்? நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி இதில் இறங்காதீர்கள்.

2006-இல் வட கொரியா முதல் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் தடை விதித்தது. ஆனால் வயிற்றில் அடித்தது 2017-இல்தான். ஆகஸ்டில் நிலக்கரி, இரும்பு, மீன், செப்டம்பரில் துணி, டிசம்பரில் இயந்திரம், விளைபொருள் என்று அந்த நாடு விற்றுக்கொண்டிருந்த பெரிய சரக்குகள் வரிசையாக அடைபட்டன. அந்த நாடு வாங்கும் பெட்ரோல், டீசல் வகைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் என்று உச்சவரம்பும் வந்தது. சரி, மிச்சம் என்ன? விரல்கள் மட்டும் போதும் என்கிற வேலை. விக், செயற்கை இமைமுடி ஆகியவற்றின் பெயர் ஐ.நா. பட்டியலில் இல்லை.

கொரோனாவுக்காக 2020 ஜனவரியில் மூடிய எல்லை மெல்லத் திறந்தபின், 2023-இல் மட்டும் 1,680 டன் விக், ஒட்டுத்தாடி, செயற்கை இமைமுடி சீனாவுக்குப் போயின. மதிப்பு சுமார் 16.7 கோடி டாலர். சீனாவுக்குப் போனதாகக் கணக்கில் வந்த வட கொரிய ஏற்றுமதியில் இது ஏறக்குறைய 60 சதவீதம். ஒரு நாட்டின் ஏற்றுமதியே முடிமேல் நிற்கிறது!

ஒரு ஐலாஷைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் நூல் மாதிரி ஓடுகிறதே, அதில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கும். நாள் முழுக்கக் குனிந்து செய்கிற கண்வலி வேலை. சீன வியாபாரி மூலப்பொருளை எல்லை தாண்டி அனுப்புகிறார். அங்கே கட்டி முடித்ததும் சரக்கு திரும்பி வருகிறது. ஷான்டோங்கின் பிங்டு ஊரில் பெட்டியில் அடைத்து லேபிள் ஒட்டுகிறார்கள். சிறையில் விக் கட்ட வைத்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு சட்டத்தைவிட இதுதான் உறுத்துகிறது.

ஐ.நா. பட்டியலில் இல்லாவிட்டாலும் அமெரிக்காவில் தப்பிக்க முடியாது. 2017-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, வட கொரியத் தொழிலாளி எந்த நாட்டில் உட்கார்ந்து செய்திருந்தாலும் அது கட்டாய உழைப்பில் உருவான பொருள் என்றே கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. அதாவது, உங்கள் அத்தை மகனின் பொறுப்பு.

அமெரிக்காவின் ஈ.எல்.எஃப். அழகுப்பொருள் நிறுவனத்துக்கு நடந்தது உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கம். சீனாவின் இரண்டு சப்ளையர்களிடம் 2012 முதல் 2017 வரை 156 தவணைகளாக வாங்கிய ஐலாஷ்களில் வட கொரியப் பொருள் கலந்திருந்தது. தரத்தைச் சோதித்தார்கள், எங்கே செய்தது என்று கேட்கவில்லை. அபராதம் 4 கோடி டாலருக்கு மேல் போயிருக்கலாம். தாங்களே முன்வந்து ஒப்புக்கொண்டதால், 2019-இல் சுமார் 10 லட்சம் டாலரோடு முடிந்தது.

ஆகவே சப்ளையரிடம் “ஃபேக்டரி எங்கே?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள், பேக்கிங் நடக்கும் இடத்தைக் காட்டிவிடுவார். “முடிச்சுப் போடுவது எந்த ஊரில், யார்?” என்று கேளுங்கள். கூலி கொடுத்த கணக்கையும், மூலப்பொருளுக்குப் பணம் போன வங்கிக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். ஈ.எல்.எஃப். பின்னால் கொண்டுவந்த சோதனையிலும் மூலப்பொருளுக்கான பணமும் வங்கிக் கணக்கும் உண்டு. வட கொரியாவிலோ வட கொரியர்களைக் கொண்டோ செய்யவில்லை என்ற உறுதிமொழியை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், யாரையாவது அனுப்பி முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் பார்த்து வரச் சொல்லுங்கள். கையால் கட்டியது என்று சொல்லிவிட்டு மற்றவர்களைவிட மிகக் குறைவான விலை சொன்னால், அந்தக் கூலியில் சீனாவில் ஆள் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவுக்குள் விற்பதிலும் கவனம் வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவத்தில்) உற்பத்தி நாட்டைத் தவறாகக் காட்டுவது கஸ்டம்ஸ் சட்டப்படி குற்றம். இந்தக் கேள்வியை உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். பதில்கள் திருப்தியாக வரும்வரை அமெரிக்காவுக்கு ஒரு பெட்டியும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அத்தை மகனை அங்குள்ள வணிகச் சட்ட வழக்கறிஞரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.