டெலோமியர் மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் இருப்பதால் தினமும் ஒசிமெர்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். ரொம்பச் சோர்வாக இருக்கிறார் என்று சித்தி ஒரு மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். டெலோமியரை நீட்டித் தெம்பு தருமாம். புட்டியில் அஸ்ட்ராகலஸ் என்று போட்டிருக்கிறது. கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வேண்டாம். சித்தியின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தப் புட்டி செய்வதாகச் சொல்லும் வேலையைப் புற்றுசெல் ஏற்கெனவே தனக்காகச் செய்துகொள்கிறது.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை நிரப்பும் நொதி டெலோமரேஸ். பெரும்பாலான உடற்செல்களில் அடங்கிக் கிடக்கும் இந்த நொதி, புற்றுநோய்களில் 85 முதல் 90 விழுக்காட்டில் விழித்திருக்கும்.

அதை எழுப்புவது யார்? இங்கேதான் அம்மாவின் இ.ஜி.எஃப்.ஆர் வருகிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அந்த ஏற்பியில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் பிரியச் சொல்லும் தகவல் உள்ளே போக வேண்டும். மாற்றமடைந்த ஏற்பியோ, யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்கும் அழைப்புமணி. தகவல் ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களிடையே கைமாறி உட்கருவுக்குப் போகிறது. அங்கே ஈ.டி.எஸ் வகைப் புரதங்கள் டெர்ட் மரபணுவின் தொடக்கத்தில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகின்றன. டெலோமரேஸின் மையப் புரதம் அந்த மரபணுவிலிருந்துதான் வருகிறது. நுரையீரல் புற்றுசெல்களில் ஈ.டி.எஸ்-2 இப்படிச் செய்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வழியில் ஏ.கே.டி நொதி, உருவாகிவிட்ட புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேகத்தைக் கூட்டுகிறது. (மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கதை வேறு: டெர்ட்டின் தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறி, ஈ.டி.எஸ் உட்காரப் புது இடமே உருவாகிவிடும். 2013இல் தெரியவந்தது.)

ஒசிமெர்டினிப் அந்த ஏற்பியையே அடைக்கிறது. அஸ்ட்ராகலஸ் என்ற மூலிகையின் வேரிலிருந்து எடுத்த சில பொருள்களோ ஆய்வகச் செல்களில் டெலோமரேஸைத் தூண்டியிருக்கின்றன. நோயாளிகளிடம் புற்றை வளர்த்ததாக நிரூபணம் இல்லை, சரி. அதற்காக அம்மாவை வைத்தா சோதித்துப் பார்ப்பது?

அப்புறம், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற சில மூலிகைகள் இரத்தத்தில் ஒசிமெர்டினிப் அளவையே குறைத்துவிடும். அதனால் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது புட்டியைக் கையோடு கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எப்போதிருந்து, எத்தனை மாத்திரை என்று தயங்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். சோர்வையும் தனியாகச் சொல்லுங்கள். இரத்தச்சோகையா, சாப்பாடு இறங்கவில்லையா, மருந்தின் பக்கவிளைவா என்று பார்த்து அதற்கேற்ற சிகிச்சை தருவார்கள்.