ஏ.பி. அமெரிக்க அரசாங்கப் பாடம்: எழுத்துப் பகுதியில் மதிப்பெண் எங்கே போகிறது?

கேள்வி: மகள் அமெரிக்காவில் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களான ஏ.பி. (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) வரிசையில் யு.எஸ். கவர்ன்மென்ட் அண்ட் பாலிடிக்ஸ் எடுத்திருக்கிறாள். புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டாள். கொள்குறி வினாக்கள் நன்றாக வருகின்றன, எழுத்துப் பகுதியில் பாதி மதிப்பெண்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

மூன்றாம் முறை வாசிக்க வேண்டாம். கொள்குறி வினாக்கள் நன்றாக வருகின்றன என்றால் பாடம் தெரிந்திருக்கிறது. எழுத்துப் பகுதி கேட்பது வேறு: முன்பின் பார்க்காத ஒரு சூழலைக் கொடுத்து, தெரிந்ததை அதில் பொருத்திக் காட்டச் சொல்கிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். தேர்வு மொத்தம் 3 மணி நேரம். 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், அது பாதி. 100 நிமிடத்தில் 4 எழுத்துக் கேள்விகள், அது மீதிப் பாதி. இந்த நான்கும் தலா 12.5 சதவீதம். ஆனால் அவற்றுக்கான புள்ளிகள் 3, 4, 4, 6 என்று வேறுபடுகின்றன. அதாவது முதல் கேள்வியில் விடும் ஒரு புள்ளி, கடைசிக் கட்டுரையில் விடும் இரண்டு புள்ளிகளுக்குச் சமம். இதைக் கவனிக்காமல் கட்டுரைக்கு ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, முதல் கேள்வியை நான்கு வரியில் முடிப்பவர்கள்தான் அதிகம். முதல் மூன்றுக்கும் தலா 20 நிமிடம், கட்டுரைக்கு 40 நிமிடம். வரிசை நம் விருப்பம்.

அடுத்தது வினைச்சொல். 'ஐடென்டிஃபை' என்றால் பெயரைச் சொன்னால் போதும். 'டிஸ்கிரைப்' என்றால் அதன் தன்மையை ஓரிரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் காரணமும் விளைவும் இணைந்த சங்கிலி வேண்டும். பெரும்பாலான புள்ளிகள் போவது இந்த மூன்றாவதில்தான். உதாரணமாக, அரசுத் துறை ஒன்றின் விதியைப் பிடிக்காத காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எப்படி அதைக் கட்டுப்படுத்தும் என்று கேட்கிறார்கள். 'காங்கிரஸ் நிதியைக் குறைக்கலாம்' என்று நிறுத்தினால் அது விவரிப்பு மட்டுமே. 'ஒதுக்கீடு குறைந்தால் அந்தத் துறையால் போதிய ஆய்வாளர்களை வைத்திருக்க முடியாது. விதி ஏட்டில் இருந்தாலும் அமலாக்கம் தளர்ந்துவிடும்' என்பதுதான் விளக்கம். மகள் எழுதும் ஒவ்வொரு விளக்கத்திலும் 'ஏனெனில்' அல்லது 'அதனால்' வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் புள்ளி விழாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியான உச்ச நீதிமன்ற ஒப்பீடுதான் பலரைக் கவிழ்ப்பது. பாடத்திட்டத்தில் 14 கட்டாய வழக்குகள் உள்ளன. கேள்வி அவற்றில் ஒன்றை, பாடத்தில் இல்லாத ஒரு வழக்கோடு ஒப்பிடச் சொல்லும். தெரியாத வழக்கின் சுருக்கத்தைத் தந்துவிடுவார்கள். கட்டாய வழக்கின் விவரம் மாணவரின் நினைவிலிருந்து வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று: டிங்கர் எதிர் டெ மாய்ன் (1969) கட்டாய வழக்கு. மோர்ஸ் எதிர் ஃபிரெடரிக் (2007) பட்டியலில் இல்லாதது. இரண்டுக்கும் பொதுவானது அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தில் உள்ள பேச்சுரிமைப் பிரிவு. டிங்கரில் மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்தார்கள், பள்ளி நடவடிக்கைக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு இல்லை, மாணவர்கள் வென்றார்கள். மோர்ஸில் ஒலிம்பிக் சுடர் ஓட்டத்தைப் பார்க்கப் பள்ளி மேற்பார்வையில் மாணவர்கள் கூடியிருந்தபோது, ஒரு மாணவர் போதைப்பொருளைக் குறிக்கும் பதாகையை விரித்தார். பள்ளி முதல்வர் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்புகள் ஏன் வேறுபட்டன? முன்னது அமைதியான அரசியல் கருத்து. பின்னதைச் சட்டவிரோதப் போதைப் பழக்கத்தை ஊக்குவிக்கும் செய்தியாகப் பார்ப்பது நியாயமே என்று நீதிமன்றம் கருதியது. இந்த 'ஏன்' இல்லாமல் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து எழுதிவைத்தால் ஒப்பீடு ஆகாது.

ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் அட்டை போடச் சொல்லுங்கள். நான்கே வரிகள்: என்ன நடந்தது, அரசியலமைப்பின் எந்தப் பிரிவு, தீர்ப்பு என்ன, காரணம் என்ன. இரண்டாவது வரிதான் உயிர்நாடி. இங்கே வழக்கமாக நடக்கும் குழப்பங்கள் சில உண்டு. எங்கல் எதிர் விட்டாலே (1962), அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது என்ற பிரிவில் வருவது. விஸ்கான்சின் எதிர் யோடர் (1972), மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றும் பிரிவில் வருவது. இரண்டிலும் மதமும் பள்ளியும் இருப்பதால் மாற்றி எழுதிவிடுவார்கள். கிடியன் (1963), மெக்டொனால்ட் (2010) இரண்டும் 14ஆவது திருத்தத்தின் முறையான நடைமுறைப் பிரிவு ('டியூ ப்ராசஸ்') வழியாக உரிமைகளை மாநிலங்களுக்கும் பொருத்தியவை. அங்கே அதே திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவை ('ஈக்வல் ப்ரொடெக்‌ஷன்') எழுதினால் தவறு. சமப் பாதுகாப்பு வருவது பிரவுன் (1954), பேக்கர் (1962), ஷா (1993) ஆகியவற்றில். சிட்டிசன்ஸ் யுனைடெட் (2010) பற்றி எழுதும்போது, நிறுவனங்கள் வேட்பாளர் கையில் நேரடியாகப் பணம் கொடுக்க அது அனுமதித்தது என்று எழுத வேண்டாம். வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவைத்தான் அது திறந்துவிட்டது. நேரடி நன்கொடைத் தடை அப்படியே இருக்கிறது.

கட்டுரைக்கு 9 அடிப்படை ஆவணங்கள். கேள்வியில் மூன்று ஆவணங்களின் பெயர் இருக்கும்; அவற்றில் ஒன்றையாவது சான்றாகப் பயன்படுத்த வேண்டும். இன்னொரு சான்று வேறு அடிப்படை ஆவணத்திலிருந்தோ பாடத்தின் மற்ற பகுதிகளிலிருந்தோ வரலாம். ஒன்பதையும் தனித்தனியாகப் படிப்பதைவிட, சண்டைக்காரர்களை எதிரெதிரே நிறுத்திப் படிப்பது நல்லது. ஃபெடரலிஸ்ட் என்பவை அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய கட்டுரைகள், புரூட்டஸ் அதை எதிர்த்து எழுதியது. பெரிய குடியரசில் குழுவாதம் (தன்னலக் குழுக்களின் ஆதிக்கம்) மட்டுப்படும் என்கிறது ஃபெடரலிஸ்ட் 10. இவ்வளவு பெரிய நாட்டில் குடியரசு நிலைக்காது, மத்திய அரசு மாநிலங்களை விழுங்கிவிடும் என்கிறது புரூட்டஸ் 1. ஒற்றைத் தலைமையின் வேகத்தை ஃபெடரலிஸ்ட் 70 ஆதரிக்கிறது. அதிகாரம் அதிகாரத்தைத் தடுக்க வேண்டும் என்கிறது 51. நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் நீடிப்பதை நியாயப்படுத்துகிறது 78. ஒரு எச்சரிக்கை: குழுக்களை ஒழிக்க வேண்டும் என்று ஃபெடரலிஸ்ட் 10இல் அதை எழுதிய மேடிசன் சொல்லவில்லை. காரணத்தை ஒழித்தால் சுதந்திரம் போய்விடும், விளைவைத்தான் கட்டுப்படுத்த முடியும் என்பதுதான் அவர் வாதம்.

இப்படி எதிரெதிரே படித்தால் மறுப்புக் கருத்துக்கான புள்ளியும் தானாக வரும். 'சிலர் இதை ஏற்க மாட்டார்கள்' என்று ஒரு வரி எழுதினால் அந்தப் புள்ளி கிடைக்காது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று எழுதி, அது ஏன் போதாது என்றும் பதில் சொல்ல வேண்டும். கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் ஆய்வுரை வாக்கியமும் ('தீசிஸ்') அப்படித்தான்; கேள்வியையே திருப்பி எழுதாமல் ஒரு பக்கம் நின்று, காரணத்தையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். அழகான முன்னுரைக்கும் முடிவுரைக்கும் தனியாகப் புள்ளி இல்லை.

இரண்டாவது கேள்வி, அட்டவணையோ வரைபடமோ தருவது, நான்கில் எளிது. சதவீதத்தையும் எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ளாமல், போக்கைச் சொல்லும்போது இரண்டு எண்களைக் குறிப்பிட்டு ஒப்பிட்டால் போதும்.

பாடத்தில் எதற்கு அதிக நேரம் என்றால் இரண்டாவது அலகு, அதாவது காங்கிரஸ், அதிபர், நீதித்துறை, அரசுத் துறைகள் ஆகியவற்றின் உறவு. கொள்குறிப் பகுதியில் 25 முதல் 36 சதவீதம் அதுதான். அடுத்து அரசியல் பங்கேற்பு, 20 முதல் 27. சித்தாந்த அலகு 10 முதல் 15 மட்டுமே. அதையே கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

வீட்டில் நீங்கள் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். நம் ஊர் நாடாளுமன்ற முறை மனத்தில் ஊறிப்போயிருப்பதால், அதை அப்படியே பொருத்திவிடுவோம். அமெரிக்காவில் அவையில் பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழாது; அதிபர் ஒரு கட்சி, செனட் வேறு கட்சி என்பது சகஜம். அமைச்சரவையில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்க முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது, உறுப்பினர் கட்சியை எதிர்த்து வாக்களித்தாலும் பதவி போகாது. எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் மத்திய அரசுக்கு. அங்கே 10ஆவது திருத்தப்படி மாநிலங்களுக்கோ மக்களுக்கோ. 'ஆளுங்கட்சி முடிவு செய்தது' என்று மகள் எழுதினால், யார் வாயிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்!

பயிற்சிக்கு, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தளத்தில் கடந்த ஆண்டுகளின் எழுத்துக் கேள்விகள், மதிப்பீட்டு விதிகள், மாணவர்களின் உண்மையான விடைகள் எல்லாம் இலவசம். ஒரு கேள்வியை நேரம் வைத்து எழுதி, விதியைப் பார்த்துத் தானே திருத்தி, பிறகு அதிகப் புள்ளி வாங்கிய விடையையும் குறைந்த புள்ளி வாங்கிய விடையையும் படிக்கட்டும். வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும். 2019க்கு முந்தைய கேள்விகளின் அமைப்பே வேறு. தகவலுக்குப் பார்க்கலாம், பயிற்சிக்கு வேண்டாம். பழைய வழிகாட்டி நூல்களில் 15 கட்டாய வழக்குகள் இருக்கும், அதில் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் ஒன்று. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பு அதை ரத்து செய்த பிறகு பட்டியலிலிருந்து அது நீங்கிவிட்டது. இப்போது தேர்வு முழுக்கக் கணினியில், காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் நடக்கிறது. எனவே பயிற்சி விடைகளையும் தட்டச்சு செய்தே எழுதட்டும். 40 நிமிடத்தில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்ய அவளால் முடிகிறதா என்பதை மார்ச் மாதத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள், தேர்வு மே மாதத்தில்.