பாட்டும் பதிலும்: ஹாங்காங்கோட பழைய பாட்டு ராத்திரி

ஆம்பூர் வாசகி ஒருத்தர்: எங்க வீட்டுக்காரர் தோல் கம்பெனில வேலை. லெதர் ஃபேருக்கு ஹாங்காங் போனப்போ அங்க ஒரு பையர் அவரை பழைய பாட்டு கச்சேரிக்கு கூட்டிகினு போனாராம். ஒருத்தர் வந்து ரெண்டு பாட்டு பாடிட்டு போறாரு, அப்பால இன்னொருத்தர், இப்படியே நெறைய பேராம். பெரியவங்கல்லாம் சீட்ல உக்காந்துகினு கூடவே பாடுனாங்களாம். இன்னா கச்சேரிங்க அது? ஒருத்தரையே முழுசா பாட விடாம ஏன் இத்தனை பேரு?

பதில்: கொடுத்து வச்சவரும்மா உங்க வீட்டுக்காரர். அது கான்டோபாப், கான்டனீஸ் பாஷையில வர்ற சினிமா, டிவி, ஆல்பம் பாட்டுங்க. ஹாங்காங்ல வீட்லயும் மார்க்கெட்லயும் பேசுறது கான்டனீஸ்தான், ஆனா 1960கள்ல அந்த ஊர் இளவட்டம் விரும்பிக் கேட்டது இங்கிலீஷ் பாட்டும், சீனாவோட பொது பாஷையான மாண்டரின் பாட்டும்தான், சொந்த பாஷையில பாடுனா கௌரவம் கம்மின்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. 1974 வாக்குல அது மாற ஆரம்பிச்சுது. டிவிபி சேனல் சீரியலுக்கு ஜோசப் கூ கான்டனீஸ்ல டைட்டில் பாட்டு போட்டாரு, இன்னொரு பக்கம் சாம் ஹூய் தெருவுல பேசுற பேச்சையே பாட்டாக்குனாரு, 1976-ல மாச சம்பளக்காரன் படுற அவஸ்தையை அவர் பாட ஊரே சேர்ந்து பாடுச்சு. தினமும் ராத்திரி வீட்ல டிவி போட்டா அந்த டைட்டில் பாட்டு வரும், பாட்டி பேரன் எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஜோசப் கூ மெட்டு, ஜேம்ஸ் வோங் வரி, இந்த ஜோடி போட்ட பாட்டுங்களை ரோமன் டாம் பாடுனாரு, பிரான்சஸ் யிப் பாடுனாங்க, ஜென்னி செங் பாடுனாங்க, இன்னும் எத்தனையோ பேர். அதனால இந்த ரெண்டு பேரோட பாட்டை ஒரே ராத்திரியில கேக்கணும்னா அத்தனை பாடகர்களும் மேடைக்கு வந்தாத்தான் முடியும், வேற வழியே கிடையாது! 2000-ல இவங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வச்சே கச்சேரி நடந்துச்சு, 2012-லயும் 2015-லயும் ஜோசப் கூ பேர்ல நடந்துச்சு. போஸ்டர்ல பெரிய பேரு மெட்டு போட்டவருது, பாடுறவங்க எல்லாம் அவரைச் சுத்தி நிக்கிறவங்க. எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

இந்த மாதிரி பெரிய கச்சேரிங்களுக்கு பேர் போன இடம் ஹங் ஹாம் கொலீசியம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே தலைகீழா வச்ச பிரமிடு மாதிரி நிக்கும், 1983-ல தொறந்தது, ஏறக்குறைய 12,500 பேர் உக்காரலாம். பெரும்பாலும் மேடை நடுவுல, நாலு பக்கமும் ஜனம். பாடுறவர் எந்தப் பக்கம் திரும்புனாலும் எதிர்ல ஆயிரக்கணக்குல முகம் இருக்கும், கையில லைட் ஸ்டிக் ஆடும்.

குடியாத்தம் வாசகர் ஒருத்தர்: பாடுறவங்களுக்கு அறுபது எழுபது வயசுன்றாங்க. குரல் போயிருக்கும். பழைய ரெக்கார்டு சுத்தமா இருக்கறப்போ இதுக்கு எதுக்கு டிக்கெட்?

பதில்: குரல் போகலைங்க, எறங்கியிருக்கு. சுருதியை ஒரு கட்டை ஒன்றரை கட்டை கொறச்சு வச்சுக்குவாங்க, உச்சத்துல வர்ற பல்லவியை ஜனங்க கிட்ட மைக்கை நீட்டி விட்டுடுவாங்க, அதை யாரும் ஏமாத்தா நெனைக்கிறதில்ல. ரெக்கார்டுல பாடுறது இருபத்தஞ்சு வயசு ஆளு, மேடையில பாடுறது அதே பாட்டோட நாப்பது வருஷம் வாழ்ந்த ஆளு, அதே வரி வேற மாதிரி கேக்கும், அதுக்குத்தான் டிக்கெட். எனக்கு குறைன்னு தோணுறது மெட்லிதான், நம்ம ஊர்லயும் சரி அங்கயும் சரி. பத்து பாட்டுல பல்லவியை மட்டும் ஒட்டி ஒட்டிப் பாடுனா கைதட்டல் நெறைய வரும், ஆனா ரெண்டாவது சரணத்துல எழுதுனவர் என்ன சொல்ல வந்தாரோ அது யாருக்கும் போய்ச் சேராது.

ஆற்காடு வாசகி ஒருத்தர்: இறந்துபோனவங்க பாட்டை யாருங்க பாடுவாங்க? நமக்கு எஸ்.பி.பி. போனப்புறம் கச்சேரிக்கே போக மனசு வரல.

பதில்: 2020 செப்டம்பர்ல அவர் போனது இன்னும் ஆறலம்மா, உங்களுக்கு மட்டும் இல்ல. ஹாங்காங்காரங்களுக்கு அந்த மாதிரி வருஷம் 2003. ஏற்கெனவே 1993-ல பாடகர் டேனி சான் போயிட்டாரு, அதே வருஷம் பியாண்ட் பேண்டோட வோங் கா குய் டோக்கியோல ஒரு டிவி ஷோ மேடையிலருந்து விழுந்து இறந்துட்டாரு, 2002-ல ரோமன் டாம். அப்பால 2003 ஏப்ரல் 1-ம் தேதி பாடகர் லெஸ்லி சுங். சார்ஸ் நோய் பரவி ஊரே மாஸ்க் போட்டுகினு பயந்து கெடந்த நேரம், அப்பவும் ஜனம் அவருக்கு அஞ்சலி செலுத்த வந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல பாடகி அனிதா முய், கேன்சர் இருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டு அதே கொலீசியத்துல எட்டு ராத்திரி பாடுனாங்க, கடைசியில கல்யாண டிரஸ்ல வந்து நின்னாங்க, டிசம்பர் 30 இறந்துட்டாங்க. நாப்பது வயசு.

இவங்க பாட்டை இப்ப கூட்டுக் கச்சேரிங்கள்ல கூடப் பழகுன பாடகர்ங்களும் பின்னாடி வந்தவங்களும் பாடுறாங்க. அதுல ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. நல்லா பாடுறவங்க அந்தக் குரலை காப்பி அடிக்க மாட்டாங்க, தன் குரல்ல பாடுவாங்க. நம்ம மேடைங்கள்ல அப்படியே அவரை மாதிரியே பாடுறாருன்னு கொண்டாடுறோம், எனக்கு அதுல சம்மதமே இல்ல. குரல் அவரோட போயிடுச்சு. மெட்டும் வரியும் இங்கதான் இருக்கு, அதை வேற ஒரு குரல்ல கேக்கறப்போதான் பாட்டு எவ்ளோ பலமானதுன்னு புரியுது. நீங்க கச்சேரிக்குப் போங்கம்மா.

காட்பாடி காலேஜ் மாணவர் ஒருத்தர்: பாஷை ஒரு வார்த்தை தெரியாது, ஆனா கேக்க ஆசை. எதை கவனிக்கணும்?

பதில்: வார்த்தை மெட்டு மேல எப்படி உக்காருதுன்னு கவனி தம்பி. கான்டனீஸ்ல ஆறு தொனி இருக்கு, ஒரே ஒலியை தொனி மாத்திச் சொன்னா அர்த்தம் மாறிடும். அதனால மெட்டு ஏறுற எடத்துல ஏறுற வார்த்தை, எறங்குற எடத்துல எறங்குற வார்த்தைன்னு தேடித்தேடி வைக்கணும், இல்லாட்டி கேக்கறவங்களுக்கு சம்பந்தமே இல்லாத வேற வார்த்தை காதுல விழும். பெரும்பாலும் மெட்டு முதல்ல, வரி அப்புறம். நம்ம ஊர்ல இசையமைப்பாளர் தத்தகாரத்துல மெட்டைப் பாடிக் காட்டுறாரு இல்ல, அங்க பூஜ்யம் ரெண்டு நாலு மூணுன்ற நம்பர்ங்களை வச்சு மெட்டைக் குறிச்சுக்குற வழக்கம் உண்டு, ஏன்னா அந்த நாலு நம்பரையும் அந்த பாஷையில சொன்னா நாலும் வேற வேற உயரத்துல நிக்கும்.

1980கள்ல ஜப்பான் மெட்டுங்களை வாங்கி கான்டனீஸ் வரி எழுதுறது ரொம்ப நடந்துச்சு. 1989-ல ஒரே ஜப்பான் மெட்டுக்கு அனிதா முய் ஒரு வரியில பாடுனாங்க, பிரிசில்லா சான் வேற வரியில பாடுனாங்க, ரெண்டும் பெரிய ஹிட்டு! அந்த ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாரு, எழுதுறவரால ஒரு மெட்டு எவ்ளோ மாறுதுன்னு பாஷை தெரியாமலே தெரியும்.

வேலூர் சத்துவாச்சாரி வாசகர் ஒருத்தர்: நாங்க லைட் மியூசிக் குரூப் வச்சிருக்கோம். பல பாடகர்களைக் கூப்ட்டு பழைய பாட்டு ராத்திரி ஒண்ணு நடத்தணும்னு இருக்கோம். அங்கருந்து எதை எடுத்துக்கலாம்?

பதில்: முதல்ல எழுதுனவங்களுக்கு குடுக்குற மரியாதையை எடுத்துக்குங்க. லயன் ராக்குன்னு ஹாங்காங்கோட கவுலூன் பகுதியில ஒரு மலை, அதுக்குக் கீழ கஷ்டப்பட்டு வாழ்ந்த சாதாரண ஜனங்களைப் பத்தின டிவி தொடருக்கு 1979-ல ஜோசப் கூவும் ஜேம்ஸ் வோங்கும் போட்ட பாட்டை ரோமன் டாம் பாடுனாரு. 2002-ல அந்த ஊர் நிதிச் செயலாளரே பட்ஜெட் உரையில அந்த வரிகளைச் சொன்னாரு. வரி எழுதுன ஜேம்ஸ் வோங், 2003-ல ஹாங்காங் யுனிவர்சிட்டில கான்டோபாப் எழுந்ததையும் சரிஞ்சதையும் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குனாரு, அடுத்த வருஷம் காலமாயிட்டாரு. நம்ம மேடையில அடுத்த பாடல்னு சொல்லிட்டு படத்து பேரும் ஹீரோ பேரும் சொல்றாங்க, எழுதுனவர் பேரு வர்றதே அபூர்வம்.

ரெண்டாவது, நம்ம வேலூர்ல பொறந்தவங்க வாணி ஜெயராம். 2023 ஜனவரியில ஜோசப் கூ போனாரு, பிப்ரவரியில இவங்க போயிட்டாங்க, பத்ம பூஷண் அறிவிச்சு பத்து நாள் கூட ஆகல. அவங்க பாட்டை வச்சே அந்த ராத்திரியை நடத்துங்களேன், பத்து பெண்கள் பத்து குரல்ல பாடட்டும், ஸ்கூல்ல படிக்கிற பொண்ணும் வரட்டும் எழுபது வயசு டீச்சரும் வரட்டும். ஒவ்வொரு பாட்டும் ரெண்டு சரணத்தோட முழுசா வரணும், மெட்லி வேணாம். பாடுறதுக்கு முன்னாடி மெட்டு யாரு வரி யாருன்னு சொல்லுங்க, போஸ்டர்ல பாடுறவங்க பேரு இருக்குற அதே சைஸ்ல அதையும் போடுங்க, வயலின் புல்லாங்குழல் தபேலா வாசிக்கிறவங்க பேரும் விட்டுப்போகக் கூடாது. ஜனங்க கூடப் பாடுற மாதிரி பல்லவியை ஒரு தாள்ல அடிச்சு வாசல்லயே குடுத்துடுங்க, செலவு பெருசா ஆகாது. தேதி முடிவானதும் எழுதுங்க, இந்தப் பகுதியிலயே போட்டுடறோம்.