காற்று இல்லாமலே சுமை காட்டும் இறக்கை

மிதக்கும் காற்றாலையின் சிறு மாதிரியைச் சோதிக்கும்போது, காற்றை நிறுத்திவிட்டுச் சுழற்றினாலும் இறக்கை அடியிலுள்ள ஸ்ட்ரெயின் கேஜ் (வளைவால் வரும் நீட்சியை அளக்கும் உணரி) காட்டும் அளவு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்கிறீர்கள். இறக்கை கிடையாக வரும்போது உச்சம் தொடுகிறதா பாருங்கள். தொட்டால், அது இறக்கையின் சொந்த எடைதான். கேஜில் பழுதில்லை.

காற்றில்லாமல் மெதுவாகச் சுழற்றி, இந்த எடைச் சிக்னலைக் கோணவாரியாகப் பதிந்து, பிறகு அளவீட்டிலிருந்து கழித்துவிடலாம். ஆனால் காற்றாலையைத் தாங்கும் மிதவை அலையில் சாயும்போது எடையின் திசையும் மாறும், கூடவே முடுக்க விசையும் சேரும். அதனால் மிதவையின் அசைவையும் ஒரே கடிகாரத்தில் பதிய வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

1:50 ஃப்ரூட் அளவில் (அலை, எடை விசைகளின் விகிதம் மாறாமல் சிறிதாக்கும் முறை) வளைவுத் திருப்புமை, அதாவது இறக்கையை வளைக்கும் திருப்பு விசை, நிஜக் காற்றாலையில் இருப்பதில் 62.5 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். சிக்னல் அவ்வளவு சிறிது. எனவே ஸ்லிப் ரிங்குக்கு (சுழலும் பகுதியிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் வளையம்) முன்பே, இறக்கைகள் சேரும் ஹப்பிலேயே பெருக்கிவிடுங்கள். அப்புறம், காற்று போட்டதும் பூஜ்யம் நகர்ந்தால் கேஜ் குளிர்கிறது என்று சந்தேகப்படுங்கள். நான்கு கேஜ்களைச் சேர்க்கும் முழு பிரிட்ஜ் இணைப்பு அதைப் பெரிதும் அடக்கும்.